ஓட்ட டெக் இல்லாத கேசட்டுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஒரு மரப்பெட்டி நிறைய வீடியோ கேசட் கிடக்கிறது. என் கல்யாணம், எங்கள் ஐயா அப்பத்தாவின் வயது நிறைவுச் சாந்தி விழா, தம்பி வீட்டுப் புதுமனை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போட்டுப் பார்க்க டெக் கிடையாது. சென்னையில் இருக்கும் பிள்ளைகள் "தூக்கிப் போடுங்கள் ஆத்தா" என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
- தேவகோட்டை வாசகி

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் ஆச்சி. உங்கள் கேசட்டில் பெரும்பாலும் இன்னும் படம் இருக்கும். அதை ஓட்டுகிற டெக்தான் வேகமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் பழையவைதான். உள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட் தேய்ந்தால் மாற்றப் புதிய ஹெட் கிடைப்பது கஷ்டம், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் இந்தக் காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐயே கெடுவாக வைத்து எச்சரித்தது. அதனால் அடுத்த கோடை விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று இனியும் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே சுற்றியிருக்கும் நாடாவைப் பாருங்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தால் நல்லது. ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூல் நூலாக எதுவுமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், எந்த டெக்கிலும் போடக் கூடாது. பூஞ்சை பிடித்த ஒரு கேசட்டை ஓட்டினால் ஹெட் அழுக்காகி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டும் கெடும். நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடுகள் வெயிலுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, படையலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் ஈரம் எங்கே போகும்? பெட்டிக்குள்தான் போகும். அதற்காக வெயிலில் காய வைக்காதீர்கள், சூட்டில் நாடா நெளிந்துவிடும். மின்விசிறி ஓடுகிற உலர்ந்த அறையில், புத்தகம் அடுக்குவது மாதிரி நிற்க வைத்தால் போதும். பூஞ்சையைச் சுத்தம் செய்வது பழகிய ஆள் செய்கிற வேலை, துணியால் துடைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, கேசட்டின் முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது ஒடியாமல் இருந்தால் ஒடித்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்துவிட முடியாது.

அப்புறம் தரம் பிரியுங்கள். டிவியில் ஓடிய சினிமாவைப் பதிந்த கேசட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது இல்லாதவர்களின் குரல் எதில் இருக்கிறதோ அதுதான் முதலில் போக வேண்டும். நீங்கள் சொன்னதில் ஐயா அப்பத்தாவின் சாந்தி கேசட்டைத்தான் நான் முதலில் எடுப்பேன். கல்யாணக் கேசட்டுக்கு ஒரு வசதி உண்டு, பெண் வீட்டுக்கு ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று பிரதி போட்டிருப்பார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம், அல்லது அவர்கள் கேசட் உங்களுடையதைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

மாற்றித் தர யாரைக் கேட்பது? காரைக்குடியிலோ மதுரையிலோ திருச்சியிலோ அந்தக் காலத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர்களை விசாரியுங்கள். பலர் டெக்கை இன்னும் பத்திரமாக வைத்திருப்பார்கள். மொத்தப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிடாமல், முக்கியமில்லாத ஒரு கேசட்டைக் கொடுத்து வேலை எப்படி என்று பாருங்கள். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது, அதனால் அரை மணியில் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். டிவிடியில் வாங்காதீர்கள், அதை ஓட்டும் பெட்டியும் வீடுகளில் குறைந்துவிட்டது. எம்பி4 ஃபைலாகப் பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ கேளுங்கள். எச்டி தரமாக மாற்றித் தருகிறேன் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், உங்கள் பெட்டியில் இருக்கிற விஎச்எஸ் வகைக் கேசட்டின் நாடாவில் அவ்வளவு விவரமே பதிவாகியிருக்காது.

"வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதில் நான் ரொம்பப் பிடிவாதம். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற கட்டம் எப்படியும் ஆல்பத்தில் இருக்கிறது. பந்தியில் கேமரா சும்மா நகர்ந்து போகிற அந்த நீளமான பகுதி, வளவில் (உள்முற்றத்தில்) சாமான் பரப்பி வைத்ததைக் காட்டுவது, பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து ஐயாமார் பேசிக்கொண்டிருப்பது, இவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. போரடிக்கிறது என்று எடிட் செய்பவர் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான்.

ஃபைல் கைக்கு வந்ததும் குறைந்தது இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னையில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற மூத்த ஆச்சி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுசாகப் போட்டுப் பாருங்கள். இது யார், எந்தக் கோயில் பங்காளி, எந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ஓயாமல் சேர்த்து வைத்ததால்தான், அவர் 1992இல் காலமான பிறகு அவர் பெயரிலேயே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் சேர்த்ததெல்லாம் மற்றவர்கள் சாதாரணக் காகிதம் என்று நினைத்தவைதான் ஆச்சி. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மலேசியாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய கேசட் நண்பர் வீட்டு டெக்கில் நன்றாக ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பியது கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே போகிறது. கெட்டுவிட்டதா?
- காரைக்குடி வாசகர்

பதில்: கெட்டிருக்காது. கேசட் காலத்து டிவியில் இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் பால் (PAL) என்ற முறையில் இருந்தன, 625 கோடுகள், நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் இருந்தது என்டிஎஸ்சி (NTSC) முறை, 525 கோடுகள், நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். இரண்டு முறையும் ஓடுகிற டெக் வேண்டும், மாற்றிக் கொடுப்பவரிடம் "இது அமெரிக்கக் கேசட்" என்று சொல்லிக் கொடுங்கள். சின்ன கேசட் ஏதாவது வைத்திருந்தால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விஎச்எஸ்-சி என்றால் ஒரு அடாப்டருக்குள் வைத்துச் சாதாரண டெக்கிலேயே ஓட்டலாம். 8 எம்எம் என்றால் அதற்கு அடாப்டர் கிடையாது, அந்த வகைக் கேமராவோ டெக்கோதான் வேண்டும், அக்கா வீட்டில் பழைய கேமரா கிடந்தால் எறிய வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: மாற்றி முடித்த கேசட்டுகளைப் பழைய சாமான் கடையில் விற்கலாமா?
- கண்டனூர் வாசகி

பதில்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரமும் மரத்தூணும் விலை போகும், கல்யாணக் கேசட்டை யார் வாங்குவார்கள்? வாங்கினாலும் உங்கள் வீட்டு முகங்கள் தெரியாதவர் கையில் எதற்கு? ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிச் சரிபார்க்கும் வரை கேசட்டை விட வேண்டாம். இடம் இருந்தால் அதற்குப் பிறகும் வைத்திருங்கள். கழித்தே ஆக வேண்டும் என்றால் நாடாவை உருவி வெட்டிவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் வாங்குவீர்களா என்று கேட்டுக் கொடுங்கள். போகிக்கு மட்டும் கொளுத்தாதீர்கள் ஆச்சி, முழுக்கப் பிளாஸ்டிக், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது.