மூன்று ரமலானாக மீளாத நகைகள்

கேள்வி: மேலப்பாளையத்தில் வசிக்கிறேன். ஜவுளிக்கடையில் கணக்கராக 34,000 ரூபாய் சம்பளம். வீட்டில் ஐந்து பேர். எங்கள் தெரு இளைஞர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் ஏழை வீடுகளுக்கு மளிகைப் பை கட்டிக் கொடுக்கிறோம். அதில் என் பங்கு 20,000, பள்ளிவாசலில் ஒரு நாள் நோன்புக் கஞ்சிச் செலவு 15,000, மூன்று சகோதரிகளின் வீடுகளுக்குப் பெருநாள் துணி 25,000 என்று ஆகிறது. இதற்காக மனைவியின் நகைகளை அடகு வைத்து முதலாண்டு 60,000, அடுத்து 50,000, சென்ற ஆண்டு 40,000 வாங்கினேன். வட்டியை மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைகளுக்கு மேலும் 60,000 தருவதாக அடகு நிறுவனம் சொல்கிறது. நண்பரோ கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கச் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். தர்மத்தின் சிறப்பையோ வட்டி குறித்த மார்க்க நிலைப்பாட்டையோ நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால், கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குபவர் இந்த ஒரு கணக்கை மட்டும் எழுதிப் பார்க்காமல் விட்டது வியப்பாக இருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி என்று வைத்தால் முதலாண்டில் 10,800, இரண்டாம் ஆண்டில் 19,800, மூன்றாம் ஆண்டில் 27,000, ஆகமொத்தம் 57,600 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். இந்த ரமலானுக்கு நீங்கள் தேடி அலையும் தொகை ஏறக்குறைய இதுவேதான். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மேலும் 60,000 வாங்கினால் ஆண்டு வட்டி 37,800 ஆகி, உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

விலை ஏற்றத்தைக் காட்டிக் கூடுதல் கடன் தருவது அடகு நிறுவனத்துக்கு வியாபாரம். உங்களுக்கோ நகை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். செயலிக் கடனைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமையில்லை: செயல்பாட்டுக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி கேட்பவை அவற்றில் பல.

பெருநாளை ஒட்டிக் கொடுக்க வேண்டிய கடமையான தர்மமாகிய ஃபித்ராவை ஆளுக்குச் சுமார் இரண்டரை கிலோ அரிசி என்று கொண்டால், ஐவருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். வசதியுள்ளவர் மீது கடமையான ஆண்டுத் தர்மமாகிய ஜகாத்தைப் பொறுத்தவரை, அடகு நகைக்கும் கடனுக்கும் என்ன கணக்கு என்பதை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். கூடவே, ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களாகக் குர்ஆன் (9:60) சொல்லும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவினர் என்பதையும் நினைவில் வையுங்கள். கொடுக்கும் வரிசையில் நிற்கிறீர்களா, வாங்கும் வரிசையை நோக்கி நடக்கிறீர்களா என்பதுதான் என் கவலை.

மளிகைப் பைக்கு இந்த ஆண்டு உங்கள் உழைப்பைக் கொடுங்கள். மொத்த வியாபாரிகளிடம் விலை பேசிச் சரக்கு எடுக்கவும், வரவு செலவை எழுதவும் உங்களைவிடத் தகுந்தவர் அந்தக் குழுவில் இருக்க வாய்ப்பில்லை. கஞ்சிக்கான பச்சரிசியை அரசு பள்ளிவாசல்களுக்குக் கொடுக்கிறது. மற்றச் செலவை நான்கு வீடுகள் பகிர்ந்துகொண்டால் உங்கள் பங்கு 4,000-க்குள் அடங்கும்.

பல ஜமாஅத்துகளில் பைத்துல்மால் என்னும் பொதுநிதி வழியாக வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. உங்கள் பகுதியிலும் இருந்தால், 40,000-க்கு வைத்த நகையை அதைக்கொண்டு மீட்டு, மாதம் 4,000 வீதம் ரமலானுக்கு அடுத்த ஷவ்வாலில் கட்டத் தொடங்குங்கள். பத்தாவது மாதமான ரஜபில் அந்தக் கடன் முடிந்துவிடும். மீதமுள்ள 1,10,000-ஐப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள். அங்கே ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டாலும் மாத வட்டி சுமார் 920 ரூபாய். இப்போது மாதம் கட்டும் 2,250-க்குப் பதில், தவணையும் வட்டியும் சேர்த்துச் சுமார் 4,900 கட்ட வேண்டிவரும். நெருக்கடிதான், ஆனாலும் கடன் குறையும்.

மிஞ்சுவது சகோதரிகளின் துணி. உண்மையில் உங்களைக் கடனுக்குத் தள்ளுவது அதுதான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. குழந்தைகளுக்கு மட்டும் எடுப்பதாக முடிவு செய்து, பிறை பார்ப்பதற்கு முன்பே மூன்று மச்சான்மாரிடமும் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் சென்று சொல்லிவிடுங்கள். அடகுச் சீட்டுகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.