மூன்லைட் மைல்: அதில் கீத்தின் கிட்டாரைத் தேடாதீர்கள்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் ‘மூன்லைட் மைல்’ பாடலில் அதன் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் வாசிப்பதை ஒரு வாரமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காதில் குறையில்லை நண்பரே. அந்தப் பாடலில் அவர் வாசிக்கவே இல்லை! அக்கவுஸ்டிக் கிட்டார் வாசித்தவர் குழுவின் பாடகர் மிக் ஜாகர், எலெக்ட்ரிக் கிட்டார் மிக் டெய்லர், பியானோ ஜிம் பிரைஸ். அதனால் கீத்தின் ஓபன் ஜி ட்யூனிங்கை (எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பதை) விட்டுவிடுங்கள்.

முதலில் ஜாகரின் பகுதியை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். அப்புறம் டெய்லர். பிற்பகுதியில் பால் பக்மாஸ்டர் அமைத்த வயலின்கள் அலைபோல் எழும்பும்; அங்கே கிட்டாரை அழுத்தி வாசிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஊர் ஊராகச் சுற்றிக் களைத்தவனின் ஏக்கம் இந்தப் பாடல். 1971இல் வந்த ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கடைசிப் பாடல்தான்.