ஸ்கேன் நார்மல்தான், தலைவலியும் நிஜம்தான்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு வருடமாக மாதத்துக்கு மூன்று நான்கு முறை கடுமையான தலைவலி. முதலில் புத்தகத்தில் பாதி எழுத்து மறைந்துபோகிறது, ஓரத்தில் கோணல் கோணலாக ஏதோ மின்னுகிறது என்பாள். அரை மணி நேரத்தில் நெற்றி முழுக்க விண் விண் என்று வலி, வாந்தி. இருட்டறையில் சுருண்டு படுத்துவிடுவாள். கண்ணாடி போட்டோம், ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். இரண்டு மாதமாக தினமுமே லேசாகத் தலை கனக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிறாள். “பரீட்சை முடிந்த அன்றும் ஞாயிற்றுக்கிழமையும்தான் வருகிறது, இவள் நடிக்கிறாள்” என்கிறார் அவள் அப்பா. மாதவிலக்கு ஒழுங்காக வராததால் ஹார்மோன் மாத்திரையும் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் மகள் நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை ஒரு பிள்ளை கற்பனையாகச் சொல்வது கஷ்டம். எழுத்து மறைவது, ஓரத்தில் மின்னுவது, அது அடங்கும் நேரத்தில் வலி தொடங்குவது எல்லாம் மைக்ரேனில், அதாவது ஒற்றைத் தலைவலியில், ‘ஆரா’ என்று நாங்கள் சொல்லும் கட்டத்தின் அச்சு அசலான வர்ணனை. அடுத்த முறை மின்னல் தெரியும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் அதே பக்கத்தில் மின்னும். ஏனென்றால் கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்பகுதியில் பார்வைக்கான இடத்தில் ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதனால்தான் அந்த மின்னல் சட்டென்று வந்து போகாமல் 20, 30 நிமிடம் மெல்ல மெல்லப் பெரிதாகிறது. அப்புறம் முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு கிளர்ந்து வலி ஆரம்பிக்கிறது. ஸ்கேனில் மூளையின் அமைப்புதான் தெரியும், இந்த அலை தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று நிம்மதியடையலாம். வலியே இல்லை என்று அர்த்தமில்லை.

நெற்றி முழுக்க வலிக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இந்த வயதில் இரண்டு பக்கமும் வலிப்பது சகஜம். இதைச் சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்தே வருடங்களைக் கழித்த பிள்ளைகள் நிறையப் பேர்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருவோம். அப்பா கவனித்தது சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தப்பு. மைக்ரேன் மூளைக்கு மாற்றம் ஆகாது. வாரம் முழுக்க ஐந்தரைக்கு எழுந்தவள் ஞாயிறன்று ஒன்பது மணி வரை தூங்குகிறாள், காலைச் சாப்பாடு பதினொன்றுக்குப் போகிறது, தலைக்குக் குளித்து ஈரம் காயாமலே பின்னிக்கொள்கிறாள். இப்படிப் பல தூண்டுதல்கள் ஒரே காலையில் சேர்ந்துவிடுகின்றன. (தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்பதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். இப்படி வலி வந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006-இல் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது.) பரீட்சை முடிந்த அன்று வருவதும் அப்படித்தான். இறுக்கம் தளரும் நேரமும் ஒரு தூண்டுதல்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்த மாத்திரைகள். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் மாதத்துக்கு 15 நாள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். தினமும் தலை கனக்கிறது என்கிறாளே, இரண்டு மாதம்தான் ஆகிறது என்றாலும், அது இந்த வழியில் வரத் தொடங்கியதாக இருக்கலாம். இன்றைக்கே அட்டையை எடுத்துப் பின்னால் என்னென்ன மருந்து அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும் கொண்டுபோங்கள். நிறுத்தும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடலாம். அதற்குப் பயந்துதான் பலர் பழைய மாத்திரைக்கே திரும்புகிறார்கள். அதனால் டாக்டரின் துணையோடு நிறுத்துவது நல்லது.

அதற்காக வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் நடப்பது என்ன? “சும்மா சும்மா மாத்திரை போடாதே” என்று ஆரம்பத்தில் தடுப்போம். பிள்ளை தாங்க முடியாமல் அழும்போது பாதி மாத்திரை கொடுப்போம். அதற்குள் இரைப்பை வேலையை மெதுவாக்கியிருக்கும், போட்ட மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிடும். வலி தொடங்கிய உடனேயே, உடல் எடைக்கு ஏற்ற முழு அளவில் போட வேண்டும். ஐபுபுரோஃபென் என்றால் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது 40 கிலோ இருப்பவருக்கு 400. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. காய்ச்சல் இருக்கும் நாளிலும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ஆபத்து. இதற்கு அடங்காவிட்டால் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. வாந்தி அதிகம் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் உண்டு. அதெல்லாம் டாக்டர் எழுதித்தர வேண்டியவை.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. அதை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், மகப்பேறு மருத்துவரிடம் “இவளுக்குத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னுகிறது” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை ஆரா உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத ஆபத்து கூடும் என்பதுதான் காரணம். இந்த வயதில் அந்த ஆபத்து மிகச் சிறியது, பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று இருக்கிறது. தலைவலியைப் பற்றி நாம் சொன்னால்தானே அவர் யோசிப்பார்?

ஒரு சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, தலையில் அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விடியற்காலையில் வாந்தியோடு எழுப்பும் வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி இருந்தாலும் ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று இருந்துவிடாமல் காட்டிவிடுங்கள்.

தினசரி தடுப்பு மாத்திரை தேவையா என்பதை நரம்பியல் டாக்டர் முடிவு செய்யட்டும். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு பிரபலமான தடுப்பு மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2017-இல் வந்தது: மூன்று பிரிவிலும் பாதிக்கு மேல் நன்றாகத் தேறினார்கள், வெற்று மாத்திரைக்காரர்களும் பின்தங்கவில்லை. மருந்தே வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது: லீவு நாளிலும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் எழுவது, டியூஷனுக்கு ஓடும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நிறுத்துவது. இந்தக் கடைசி விஷயத்தை அவளிடம் தனியாகக் கேளுங்கள், நிறையப் பெண் பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை. மன அழுத்தத்தைக் கையாளச் சொல்லித்தரும் ஆலோசனைப் பயிற்சியும் இந்த வயதினருக்கு நன்றாக உதவுகிறது. டாக்டர் அதற்காக மனநலத் துறைக்கு அனுப்பினால் “என் பெண்ணுக்கு அதெல்லாம் இல்லை” என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

பள்ளியிலும் சொல்லி வையுங்கள். மின்னல் தெரிந்ததும் ஒரு மணி நேரம் அமைதியான அறையில் படுக்கவும், வலி தொடங்கியதும் பையிலிருக்கும் மாத்திரையைப் போடவும் வகுப்பாசிரியர் அனுமதித்தால், அன்றைய மிச்ச வகுப்புகளாவது தப்பும்.

அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி அவரிடம் கொடுங்கள். வலி வந்த தேதி, நேரம், முந்தின இரவு தூக்கம், காலையில் என்ன சாப்பிட்டாள், மாத்திரை எத்தனை, மாதவிலக்கு எப்போது என்று அவர் கையாலேயே எழுதட்டும். அவர் வீட்டிலோ உங்கள் வீட்டிலோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்த அத்தை, சித்தி யாராவது உண்டா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாராவது அகப்படுவார்கள், இது குடும்பத்தில் வரும் நோய். ஆறு வாரக் குறிப்போடு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு மூன்று பேரும் போங்கள். மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிக் கேட்க மட்டும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், உங்கள் வழக்கமான டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.