பிரீமியத்தை 'வசூல்' பண்ணும் ஆசை

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் அம்மாவுக்கு (61) மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தெருமுனை லேபில் 1,150 ரூபாய். "பாலிசி இருக்கும்போது கைக்காசு எதுக்கு?" என்று, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான என் மச்சான், போன முறை ஒரு நர்சிங் ஹோமில் ஒருநாள் அட்மிட் பண்ணி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பில் 14,600. கிளெய்ம் ரிஜெக்ட். கிரெடிட் கார்டில் கட்டி, 15% வட்டியில் 12 மாத இஎம்ஐ ஆக்கிவிட்டேன். இப்போது 7,800 ரூபாய்க்கு ஓபிடி ரைடர் (அட்மிட் ஆகாமலே ஆகும் டாக்டர் ஃபீஸ், டெஸ்ட் செலவுக்காகப் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் இணைப்பு) எடுக்கச் சொல்கிறார். விவரத்தாளை இணைத்துள்ளேன். எடுக்கலாமா? — திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம்.

முதலில் அந்த அட்மிஷன். உங்கள் பாலிசியில் விலக்குகள் பக்கத்தைத் திருப்பினால் 'எக்ஸ்க்ளூஷன் 04' என்று இருக்கும். எந்தக் கம்பெனி பாலிசியானாலும் அதே வாசகம்தான்: பரிசோதனைக்காகவே அட்மிட் ஆனால் பணம் கிடையாது. ஒரு ஊசிகூடப் போடாமல் ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பிய கேஸ் ஷீட்டைப் பார்த்து வேறு என்ன செய்வார்கள்? ஏஜென்ட்டுக்கு இது தெரியாது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. ரிஜெக்ட் ஆனதோடு போனதே என்று நினையுங்கள். 60 மாதம் விடாமல் கட்டிய பாலிசியில், எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் இதுபோன்ற அட்மிஷனை மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அம்மாவுக்கு நாளை உண்மையிலேயே பெரிய செலவு வந்தால் எங்கே போய் நிற்பீர்கள்?

அந்த 14,600க்கு வட்டி ஏறக்குறைய 1,200, வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் என்று எல்லாம் சேர்த்தால் 16,000ஐத் தாண்டும். 1,150 ரூபாய் டெஸ்ட்டுக்கு! மீதியை இப்போதே அடைக்க என்ன கட்டணம் என்று வங்கியில் கேளுங்கள். இனி வரவேண்டிய வட்டியைவிட அது குறைவென்றால் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

சரி, ரைடருக்கு வருவோம். வரம்பு 10,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில், பரிசோதனைக்கு 3,000 மட்டும், அதுவும் அவர்கள் சொல்லும் லேபில். அங்கே இதே டெஸ்ட்டுகளுக்கு விலை 1,950. முதல் தடவை 1,950 கழியும். இரண்டாம் தடவை 1,050தான் மிச்சம், 900 உங்கள் கையிலிருந்து. அடுத்த இரண்டு தடவையும் பழையபடி தெருமுனை லேப், 2,300. பிரீமியத்தோடு கூட்டினால் 11,000. ரொக்கமாகவே எடுத்தால் நான்கு தடவைக்கும் சேர்த்து 4,600. மீதி 7,000 டாக்டர் ஃபீஸுக்காம். உங்கள் டாக்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, அதனால் மலிவு என்பார் மச்சான். தேவையில்லாததற்கு வரி இல்லாவிட்டால் என்ன, இருந்தால் என்ன?

கட்டிய பிரீமியத்தை எப்படியாவது திரும்ப எடுத்துவிட வேண்டும் என்ற அரிப்புதான் உங்களைக் கடனில் இறக்கியது. மச்சான் அதைச் சொறிந்து விடுகிறார், அவ்வளவுதான்.

ரொக்கம் கொடுத்தாலும் நம்பர் போட்ட பில் வாங்குங்கள். டாக்டர் சீட்டோடு சேர்த்து வையுங்கள். பின்னால் அதே நோய்க்காக அட்மிட் ஆக நேர்ந்தால், அதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் டெஸ்ட் பில்களை (எத்தனை நாள் என்பது பாலிசியைப் பொறுத்தது) முறைப்படியே கிளெய்ம் செய்யலாம். '97 டெஸ்ட் 999 ரூபாய்' நோட்டீஸைக் கண்டும் மயங்காதீர்கள். ஒரே சிபிசியில் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) வருகிற இருபது சொச்சம் எண்களையும் தனித்தனி டெஸ்ட்டாக எண்ணுவார்கள். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் வகுத்துப் போடும் விகிதங்கள்கூட அந்தக் கணக்கில் உண்டு. அப்புறம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஹெச்பிஏ1சியை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) ஆண்டுக்கு இரண்டு தடவை எடுத்தால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாதம் 400 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால் ஆண்டு டெஸ்ட் செலவு அதிலேயே அடங்கிவிடும். அடிப்படைப் பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை மச்சானிடமே புதுப்பியுங்கள். அந்தக் கமிஷன் வந்துகொண்டிருக்கும்வரை தீபாவளிக்கு வீட்டுக்கு வராமல் இருக்கமாட்டார்.