முந்தி வந்தவருக்கா ஓவிய வகுப்பு?

கேள்வி: எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் 120 பேர். ஐந்தாவது பாடமாகக் கணினி அறிவியல், ஓவியம், உளவியல், உடற்கல்வி ஆகியவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 30 இடம். முந்தி வருபவருக்கே இடம் என்று அறிவித்தோம். விடிவதற்குள் பெற்றோர் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். நியாயமாகப் பிரிக்க வழி உண்டா ஐயா?
– ஓர் ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: உண்டு அம்மா. முதலில் அந்த வரிசையை நிறுத்துங்கள். விடியற்காலையில் காரில் வந்து நிற்க முடிந்த தகப்பனாரின் பிள்ளைக்கு ஓவியமும், இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு மிச்சமும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான் கணக்கு ஆசிரியராக இருந்தபோது கைத்தொழில் வகுப்புக்கு இப்படித்தான் பிரித்தோம். ஆளுக்கொரு சீட்டு, அதில் விருப்ப வரிசை. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுகளை வகுப்புக்கு ஒன்றாகப் பங்கிட்டு மேசையில் பரப்புவோம். முதல் விருப்பம் கிடைத்தவருக்கு 1, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 9, நான்காவதற்கு 16 என்று சுமை. வெறுமனே 1, 2, 3 என்று போட்டால் ஒருவரை மகிழ்வித்து இன்னொருவரை மூன்றாவதற்குத் தள்ளுவதும், இருவருக்கும் இரண்டாவதைக் கொடுப்பதும் சமமாகிவிடும். வர்க்கம் போட்டால் முன்னது 10, பின்னது 8. கடைசியில் நிற்கும் பிள்ளையை இந்தக் கணக்கு மறக்காது.

பிறகு இரண்டிரண்டு சீட்டாக இடம் மாற்றிப் பார்ப்போம். மொத்தச் சுமை குறைந்தால் அப்படியே விடுவோம். கூடினால் பழைய இடத்துக்கே.

ஒரு மாலை எந்த மாற்றமும் பலிக்காமல் நின்றுவிட்டது. நெசவில் இருந்த பையன் தச்சு கேட்டிருந்தான். தச்சில் இருந்த பெண் தையல் கேட்டிருந்தாள். தையலில் இருந்தவனோ நெசவு கேட்டிருந்தான். மூவருக்கும் இரண்டாவது விருப்பம், சுமை 12. எந்த இருவரை மாற்றினாலும் ஒருவர் மூன்றாவது விருப்பத்துக்குப் போய் 14 ஆகிவிடும். மூன்று சீட்டையும் ஒரே சுற்றில் நகர்த்தினோம். சுமை 3! அந்த மேசை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இப்படி முட்டி நிற்பதற்குக் கணினியில் அழகான மருந்து உண்டு. கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1983-இல் வெளியிட்டது. பழுக்கக் காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதுபோல, தொடக்கத்தில் சுமை கூடும் மாற்றங்களையும் அவ்வப்போது அனுமதித்து, போகப்போக அந்தத் தாராளத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. அந்த 14-ஐப் பொறுத்துக்கொண்டால்தான் 3-க்குப் போக வழி திறக்கிறது.

ஆனால் ஆளுக்கு ஒரே பாடம் என்றால் தேடவே வேண்டாம். ஹரோல்டு கூன் என்ற கணித அறிஞர் 1955-இல் தந்த ஹங்கேரிய முறை மிகக் குறைந்த சுமையை உறுதியாகவே தந்துவிடும். 120 பேர் கணினிக்கு ஒரு நொடி வேலை. உங்கள் பள்ளி கணினி ஆசிரியரிடம் கேளுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று விருப்பப் பாடம், அவை ஒரே பாடவேளையில் மோதக் கூடாது, ஆய்வகத்தில் இத்தனை பேர்தான் என்றெல்லாம் சேரும்போதுதான் உறுதியான விடை கைக்கு எட்டாமல் போகிறது. அப்போது இடமாற்றித் தேடும் முறைதான் கைகொடுக்கும்.

விருப்பத்தை மூடிய உறையில் வாங்குங்கள். எதற்குக் கூட்டம் என்று தெரிந்தால் பிள்ளைகள் மனத்தில் இருப்பதை எழுத மாட்டார்கள். மதிப்பெண்ணை இதில் கலக்காதீர்கள். ஓவியம் கேட்கும் பிள்ளைக்குக் கணக்கில் எத்தனை என்பது இங்கே எதற்கு? பட்டியலை ஒட்டுவதற்கு முன் மூன்றாவது, நான்காவது விருப்பம் விழுந்தவர்களைத் தனியே அழைத்துப் பேசுங்கள். எங்களிடம் ஒரு பையன் நெசவைக் கடைசியாக எழுதியிருந்தான். வீட்டில் தறி இருந்தது. இரவெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருந்தான். அது எந்தச் சீட்டிலும் இல்லை.