செடார்னா எந்த செடார்?

கேள்வி: புது வீட்டுக்கு பீரோ பார்க்கிறோம். பட்டுப்புடவை வைக்க மர பீரோதான் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஒரு கடையில் செடார் மரத்தில் காட்டினார்கள், விலை தேக்கை விட நன்றாகவே குறைவு. "பூச்சி அண்டாது, ஆயுசுக்கும் மணக்கும்" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது?
– வாசகி, சேலம்

பதில்: வாங்கலாம். ஆனால் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் "எந்த செடார்?" என்று கேட்டுவிடுங்கள். இந்தப் பெயரில் விற்பது ஒரே மரம் இல்லை. அசல் செடார் நம் நாட்டில் இமயமலைப் பக்கம் வளரும் தேவதாருதான். ஸ்ரீநகர் தால் ஏரியில் மிதக்கிற படகு வீடுகளை இதில்தான் கட்டினார்கள், தண்ணீரிலேயே கிடந்தும் தாக்குப்பிடிக்கிற கட்டை. கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் வெஸ்டர்ன் ரெட் செடார் முற்றிலும் வேறு மரம். இது இரண்டும் போதாதென்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சந்தன வேம்புக்கும் ரெட் செடார் என்று ஒரு பெயர் உண்டு. அது வேப்ப மரக் குடும்பம், செடாருக்குச் சொந்தமே இல்லை.

உங்கள் கடையில் இருப்பது செக்கச்சிவந்து, மகோகனி ஜாடையில் இருந்தால் அநேகமாக சந்தன வேம்பு. தப்பான மரமில்லை, பீரோவுக்கு நன்றாகவே வரும். ஆனால் வெட்டின புதிதில் இருக்கிற வாசம் போகப்போகக் குறைந்துவிடும், அதனால் வாசத்துக்கென்று தனியாக விலை கொடுக்காதீர்கள். வெஸ்டர்ன் ரெட் செடார் என்றால் பீரோவுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு கன அடி தேக்கு 18 கிலோ பக்கம் வரும், இது 10, 11 கிலோதான். நகத்தால் அழுத்தினாலே தடம் விழுகிற மெத்து மரம். ஜன்னல் பலகை, வெளிச்சுவர், தோட்டத்து பெஞ்சு, இதற்கெல்லாம் அருமை. புடவைக் கட்டுகளைச் சுமக்கிற தட்டுக்கு அல்ல.

எந்த மரமானாலும் கதவின் உள்பக்கம், தட்டின் அடிப்பக்கம், பின்பலகை என்று பாலிஷ் ஏறாத இடங்களைப் பாருங்கள். வெளுத்த பட்டைகள் தெரிந்தால் அது வைரம் பாயாத பாகம், அங்கேதான் முதலில் உளுக்கும். பின்பலகை பிளைவுட்டா என்றும் பாருங்கள். பிளைவுட் இருப்பது குற்றமில்லை, முழு மரம் என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

சரி, பூச்சி விஷயம். தேவதாருவின் எண்ணெய் வாசத்துக்குப் பூச்சிகள் ஒதுங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது வாசம் இருக்கிறவரைக்கும், அதுவும் கதவு இறுக மூடினால் மட்டும். ஏற்கெனவே முட்டை வைத்த புடவையை உள்ளே வைத்துவிட்டு மரம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. நன்றாக உதறி, நிழலில் காற்றாட விட்டு அப்புறம் அடுக்குங்கள். பீரோவின் உட்புறத்தில் வார்னிஷ் அடிக்கவே கூடாது. அடித்தால் வாசத்தை உள்ளேயே பூட்டிவிட்டது போல, அப்புறம் செடாருக்கும் வேறு மரத்துக்கும் என்ன வித்தியாசம்? ஓரிரு வருஷத்தில் வாசம் மங்கினால் உட்பக்கத்தை மட்டும் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், திரும்ப மணக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தூள் சிலருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.

ஒன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிம்லாவில் வாங்கிய தேவதாருப் பெட்டியில் சந்தன நிறப் பட்டு ஒன்றை அப்படியே வைத்தேன். ஒரு கோடைகாலம் கழித்து எடுத்தால் மடிப்பில் மஞ்சளாக எண்ணெய்க்கறை, இன்றுவரை போகவில்லை. மரத்திலிருந்து பிசின் கசியும். அதனால் துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றித்தான் வையுங்கள். கூடவே அந்துருண்டையும் போடாதீர்கள், இரண்டு வாடையும் கலந்தால் கல்யாண வீட்டில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்!

வெளிப்பக்கத்துக்குப் பெரிய வேலை இல்லை. காய்ந்த துணியால் துடைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை தேன்மெழுகு பாலிஷ் போட்டால் போதும். ஈரத்துணி வேண்டாம். நேர்வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் நிறம் திட்டுத்திட்டாக மாறும். சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள், கரையான் ஏறினால் கண்ணில் படும். ஆசாரியை வைத்துச் செய்வதாக இருந்தால் சாதாரண இரும்பு ஆணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஈரம் பட்டால் சில செடாரில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வழியும்.

என்னைக் கேட்டால், பீரோவை சந்தன வேம்பிலோ தேக்கிலோ எடுத்துக்கொண்டு, பட்டு வைக்கிற ஒரு தட்டுக்கு மட்டும் உள்ளே தேவதாருப் பலகை அடிக்கச் சொல்லுங்கள். செலவும் குறையும், வேண்டிய இடத்தில் வாசமும் இருக்கும். அப்புறம், பில்லில் வெறுமனே செடார் என்று எழுத விடாதீர்கள், மரத்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.