மூன்று மணிக்கு முடிந்துவிடும் இரவு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 64. ஒரு வருடத்துக்கு மேலாக விடியப்புறம் 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வள்ளங்களின் இயந்திரச் சத்தம் கேட்கும்வரை முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறேன். நித்திரை போதாததால் இரவு 8.30க்கே படுக்கிறேன், மதியமும் ஒன்றரை மணித்தியாலம் கண்ணயர்கிறேன். அப்படியும் அசதி தீரவில்லை. உறவினர்கள் நித்திரைக் குளிசை எடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்தீர்கள்?

உப்புவெளி வாசகி

அன்புள்ள ரீச்சர்,

8.30க்குப் படுக்கிறீர்கள் என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. 9 மணிக்குக் கண்ணயர்பவருக்கு 3 மணியாகும்போது ஆறு மணித்தியால நித்திரை முடிந்துவிடுகிறது. மதியத்து ஒன்றரையையும் சேர்த்தால் ஏழரை. உங்கள் வயதுக்கு வேண்டிய நித்திரை ஏறத்தாழ உங்களிடம் இருக்கிறது. ஆனால் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து நித்திரைக்கான தேவையை வளர்க்கிறது. மதியத் தூக்கம் அதில் ஒரு பங்கைப் பகலிலேயே செலவழித்துவிடுகிறது. ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் இரவின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். விடியலை நெருங்கும்போது நித்திரை மெலிந்து, உடலும் விழிப்பதற்கு ஆயத்தமாகத் தொடங்குகிறது. வயது ஏற ஏற உடற்கடிகாரமும் முன்னுக்கு நகர்கிறது. இந்த நிலையில், போதாத நித்திரையை ஈடுகட்ட நினைத்து இன்னும் நேரத்தோடு படுக்கப் போவது விழிப்பையும் சேர்த்தே முன்னுக்கு இழுத்துவிடும்.

நானும் அதைத்தான் செய்தேன். அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் அவருடைய இருமலுக்கு எழும்பிப் பழகிய உடல், அவர் போன பின்னரும் அதே நேரத்துக்கு எழும்பியது. கைபேசியைத் திருப்பிப் பார்ப்பேன், 3.10 என்றிருக்கும், விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் கழித்துப் பார்ப்பேன், அந்தக் கணக்கிலேயே மிச்ச நித்திரையும் கலைந்துவிடும். பிறகு குசினிக்குப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக் குடிப்பேன். 3 மணிதான் காலை என்று உடலுக்குப் பழக்கிக் கொடுத்தவன் நான்தான் என்பது விளங்க மாதங்கள் ஆயின. கைபேசியை விறாந்தை அலுமாரியில் வைத்தேன். படுக்கையில் இருபது நிமிடமளவு நித்திரை வராமல் கிடந்தால், எழும்பிப்போய் மங்கலான விளக்கடியில் சுளகில் பயறு கொட்டிக் கல் பொறுக்கினேன். விரல்கள் மெதுவாகும், கண் செருகும், அப்போது திரும்பிப் போய்ப் படுப்பேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இரவு 10.30க்கு முன் படுக்காதீர்கள். எப்படி நித்திரை கொண்டிருந்தாலும் காலை 5 மணிக்கு எழும்பிவிடுங்கள். மதியத் தூக்கத்தை விடுங்கள். நித்திரை ஒட்டத் தொடங்கியதும் வாரத்துக்குக் கால் மணித்தியாலமாகப் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டலாம். நித்திரை ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் 1987இல் எழுதிய முறை இது. நாட்பட்ட நித்திரையின்மைக்கு, குளிசைக்கு முன் இத்தகைய பழக்கச் சிகிச்சையையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கன் கொலேஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பும் 2016இல் பரிந்துரைத்தது. நம் வயதில் குளிசை தடுமாறி விழும் ஆபத்தையும் கூட்டும். ஆனால் வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

நமது கரை கிழக்குப் பார்த்தது. கடலில் சூரியன் எழுவதைப் பார்த்தபடி நடக்கவே எல்லோருக்கும் விருப்பம். ஆனால் விடியல் வெளிச்சம் உடற்கடிகாரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளும். மாலை 5 மணிக்குக் கடற்கரைக்குப் போங்கள். மாலை வெளிச்சம் அதைப் பின்னுக்கு நகர்த்த உதவும்.

விழிப்போடு காரணம் தெரியாத அழுகையோ, எதிலும் பிடிப்பின்மையோ சேர்ந்து வருமானால், அது மனச்சோர்வாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் இரைச்சலுக்குத் திடுக்கிட்டு எழும்புபவர்களையும், யுத்த காலத்துச் சத்தங்கள் இன்னும் காதில் கேட்பவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்கு நேரம் மாற்றிப் படுப்பது மட்டும் போதாது. மனநல வைத்தியரின் துணை வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் வாரம் கடினமாக இருக்கும். 9 மணிக்கே கண் சொருகும். அந்த நேரத்தில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடாதீர்கள். படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் காலையில் ஒரு கொப்பியில் குறித்துவைத்து, இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.